தோள் துண்டும் இடுப்புத் துண்டும்

பெரிய வியாழன் மாலை, பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எந்தக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போனாலும் கூட்டம் இருக்கும். முன்வரிசையில் 12 பேர் உட்கார்ந்திருப்பார்கள். குருவானவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சம்பவத்தின் நினைவு அது. (அந்த 12 பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் காலைக் கழுவிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள் என்பது வேறு விஷயம்!)

கால் கழுவுவது தமிழர்களுக்குப் புதிய வழக்கமா என்ன? இல்லவே இல்லை. பெரியவர்களுக்குப் பாத பூஜை உண்டு. பல சமூகங்களின் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணைப் பெற்றவர்கள் கழுவுவார்கள். ஆனால் இங்கே தண்ணீர் போகும் திசை எப்போதும் ஒன்றுதான். சிறியவர் கையிலிருந்து பெரியவர் காலுக்கு. பெண் வீட்டார் கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலுக்கு. அந்தக் காலத்து யூத தேசத்திலும் இதே கதைதான். புழுதிச் சாலையில் செருப்போடு நடந்து வந்தவர் காலைக் கழுவுவது வீட்டில் இருப்பவர்களிலேயே கடைசி நிலையில் உள்ள அடிமையின் வேலை. இயேசு செய்தது அந்தத் திசையைத் திருப்பியதுதான். குரு எழுந்து சீடர்களின் காலைக் கழுவினார்.

இந்தச் சம்பவத்தில் வரும் துண்டு, மற்ற நாட்டுக்காரர்களைவிடத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகப் புரிய வேண்டிய ஒன்று. துண்டை எங்கே போட்டிருக்கிறான் என்பதை வைத்தே ஒரு மனிதனை எடை போட்ட ஊர் இது. ஆண்டை தோளில் துண்டு போடலாம். கூலிக்காரன் தோளில் துண்டு கிடந்தால், ஆண்டை எதிரே வரும்போது அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு போடுவதை ஒரு போராட்டமாகவே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். துணி என்னவோ அதே துணிதான். தோளில் இருந்தால் மரியாதை, இடுப்பில் இருந்தால் அடிமைத்தனம். அப்படிப்பட்ட துண்டை, தோளில் போட்டுக்கொள்ள எல்லா உரிமையும் உள்ள ஒருவர், யாரும் சொல்லாமல் தானே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார் என்றால் அதன் கனம் என்ன என்று தமிழனுக்கு விளக்கவே தேவையில்லை.

ஆனால் விளக்க வேண்டியிருக்கிறதே! கிறிஸ்தவர்கள் "தாழ்மை" என்று சொல்வதைப் பெரும்பாலும் "பணிவு" என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பணிவு மேல்நோக்கிப் போவது. மேனேஜர் முன்னால் பணிவாக நிற்பவர், பிரின்சிபால் அறையில் குரலைத் தாழ்த்திப் பேசுபவர், ஆயரைப் பார்த்தால் குனிந்து மோதிரத்தை முத்தமிடுபவர், இவர்களே வெளியே வந்ததும் ஷேர் ஆட்டோ டிரைவரை "யோவ்" என்று கூப்பிடலாம். பணிவுக்கும் அதற்கும் முரண்பாடு இல்லை. பணிவில் கொஞ்சம் லாபக் கணக்கும் இருக்கிறது, இன்று பணிந்தால் நாளை வரவு. தாழ்மை கீழ்நோக்கிப் போவது. திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லாதவரிடம் காட்டப்படுவது. அதை எந்தப் பேரேட்டில் எழுதினாலும் வரவுப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. தமிழில் "தாழ்மை" என்ற சொல்லும் "தாழ்த்தப்பட்டவர்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒருவர் தானாகத் தாழ்வது ஒன்று. இன்னொருவரால் தாழ்த்தப்படுவது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, ஏற்கனவே மிதிபட்டுக் கிடப்பவரிடம் போய் "தாழ்மையாக இரு, பொறுத்துக்கொள், பரலோகத்தில் பலன் கிடைக்கும்" என்று போதிப்பது பெரிய மோசடி. சம்பளம் கூட்டிக் கேட்கிற வேலைக்காரம்மாவுக்கும், அடிக்கிற கணவனைப் பற்றிப் புகார் கொடுக்க நினைக்கிற பெண்ணுக்கும் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் தேவையில்லை. அவர்கள் தோளில் துண்டு போட வேண்டியவர்கள். இடுப்பில் கட்ட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். இயேசுவின் போதனையை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "நான் எந்தப் படியில் நிற்கிறேன்?" என்பதைத்தான்.

இந்தக் கேள்வியைச் சபைகளே தவிர்த்து வந்திருக்கின்றன என்பதை மறைத்துப் பயனில்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைகளில் சாதி வேற்றுமையை அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உடனே வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமான தமிழ்க் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்குவதைவிட, திருவிருந்தே இல்லாமல் போவது மேல் என்று தோன்றியிருக்கிறது! 175 ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட பிரச்சினை மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்கள். ஒவ்வொரு ஆண்டும் பெரிய வியாழனன்று அதே 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படுவதைக் கேட்டவர்கள்.

சரி, போதனையைச் செய்து காட்டிய இடமே இல்லையா? இருக்கிறது. அதற்கு ஜெருசலேம் வரை போக வேண்டாம், பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் போதும்.

தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயர் சானடோரியம். தினமும் அங்கே இறங்கி மெப்ஸுக்கு வேலைக்கு ஓடுகிறவர்களில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசிப்பவர்கள் குறைவுதான். டாக்டர் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தவர். (கணித மேதை ராமானுஜனும் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றவர்.) அவர் நாடு திரும்பி 1928இல் தாம்பரத்தின் காட்டு நிலத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். அதுவரை சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். குணமாக்கும் மருந்து கையில் இல்லாமல், இருமி இருமி ரத்தம் கக்குகிற நோயாளியின் பக்கத்தில் நின்று துடைத்துவிடுவது எப்படிப்பட்ட வேலை! வீட்டில் சொந்தப் பிள்ளைகளே தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை என்று ஒதுக்கிவைத்த காலம் அது. (1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளி வீட்டிலேயே இருந்தாலும் குடும்பத்தாருக்கு அதனால் தொற்று அதிகமாகிவிடுவதில்லை என்று காட்டி உலகத்துக்கே வழிகாட்டியது. அந்தத் தனி டம்ளர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வீடுகளை விட்டுப் போகவில்லை.)

பிறகு இன்னொரு நோய் வந்தது. டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் 1986இல் சென்னையில் நடத்திய பரிசோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை இன்று நினைத்தாலும் வெட்கமானவை. நோயாளி என்று தெரிந்ததும் மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. இறந்தவரின் உடலைத் தொட்டுக் குளிப்பாட்ட ஆள் வரவில்லை. "பாவத்தின் சம்பளம்" என்று கைகழுவிவிட மதவாதிகள் தயாராக இருந்தார்கள். எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 1993இல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது அதே தாம்பரம் மருத்துவமனை. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சி.என்.தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார். இருப்பதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டிய நிலைமை. ஆந்திராவிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து இறங்கினார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையை நாட்டில் 8 அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவற்றில் தாம்பரமும் ஒன்று.

அந்த 11 ஆண்டுகள் வார்டில் நடந்தது என்ன? படுக்கை விரிப்பை மாற்றியது, வாந்தியைத் துடைத்தது, எலும்பும் தோலுமாக இருந்தவரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியது. செய்தவர்கள் அரசுச் சம்பளம் வாங்கிய நர்சுகளும் ஆயாக்களும் வார்டுபாய்களும். அவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு. முகம் சுளித்தவர்களும் பயந்தவர்களும் கூட இருந்திருப்பார்கள், மனிதர்கள்தானே! அன்பு என்பது மனசுக்குள் பொங்கி வழியும் உணர்ச்சி என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நல்ல சமாரியன் கதையிலும் அவன் என்ன உணர்ந்தான் என்பதற்கு ஒரே ஒரு வார்த்தைதான், இரக்கம். மீதி எல்லாம் செய்த வேலைகள். காயத்தில் எண்ணெய் ஊற்றினான், கட்டினான், தன் கழுதையில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் முன்பணம் கொடுத்தான், மேலே செலவானால் வரும்போது தருகிறேன் என்றான். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்ட மாதிரி!

ஒரு சுவையான தற்செயல். சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்ட அதே 1937இல்தான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் கூடி, மற்ற மதங்களைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விவாதித்தார்கள். "தாம்பரம்" என்ற பெயர் இறையியல் புத்தகங்களில் இடம்பிடித்தது அதனால்தான். தேவையான விவாதம், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அரைவாசிப் பதில் தண்டவாளத்தை ஒட்டி வடக்கே கொஞ்ச தூரத்தில், இருமல் சத்தத்துக்கு நடுவே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

தொடுவதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடுவது எப்போதுமே சுலபம். இங்கிலாந்து மன்னர்கள் ஒரு காலத்தில் பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவினார்கள். 18ஆம் நூற்றாண்டுக்குள் அந்த வழக்கம் நின்றுபோனது. இன்று மன்னர் அந்த நாளில் சிறு பைகளில் வெள்ளிக் காசுகள் வழங்குகிறார். கால் போய்க் காசு வந்தது! வணிகவியல் மாணவர்களுக்கு இது பழக்கமான விஷயம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம், அதனால் எத்தனையோ பள்ளிகளுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கழிப்பறையின் கதவைவிட அதன்மேல் மாட்டிய பெயர்ப் பலகை பெரிதாக இருக்கும்போது, வலது கை செய்வதை இடது கைக்குத் தெரியாமல் செய்யச் சொன்னவரை நினைத்துச் சிரிப்பு வருகிறது. 80ஜி ரசீது வாங்குவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ரசீது வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் சிக்கல்.

சடங்கைப் பற்றியும் இதையே சொல்லலாம். போப் பிரான்சிஸ் 2013இல் பதவியேற்ற சில நாட்களிலேயே ரோம் நகரின் சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் உட்பட 12 பேரின் கால்களைக் கழுவினார். 2019 பிப்ரவரி 24 அன்று பிரதமர் நரேந்திர மோடி பிரயாக்ராஜ் கும்பமேளாவில் துப்புரவுத் தொழிலாளர்கள் 5 பேரின் கால்களைக் கழுவினார். இரண்டு படங்களும் உலகம் முழுக்கப் போயின. கழுவிய மறுநாள் அந்தக் கால்கள் எங்கே போய் இறங்கின என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. சிறையின் கேள்வி ரோமுக்கு. துப்புரவின் கேள்வி தாம்பரத்துக்கும் உண்டு.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பெயர் மாநகராட்சி என்றாலும், சுற்றுவட்டாரத்தில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் ஏராளம். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் அது நிரம்பி வழியும்போது லாரிக்குப் போன் போகும். லாரிக்காரரிடம் 200 ரூபாய்க்குப் பேரம் நடக்கும். குழாய் உறிஞ்சியது போக அடியில் கெட்டியாகச் சேறு நிற்கும். அப்போது வீட்டுக்காரர் வாயிலிருந்து ரொம்பச் சாதாரணமாக ஒரு வார்த்தை வரும்: "கொஞ்சம் உள்ளே இறங்கிக் கிளறி விட்டுடேன்ப்பா."

அந்த வார்த்தை ஒரு ஆளைக் கொல்லக்கூடியது. மூடிக் கிடக்கும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து போய்விட்டது என்று தோன்றும். இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். பத்திரிகைகளில் "செப்டிக் டேங்கில் 2 பேர் பலி" என்று பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையோடு செய்தி வருவது இதனால்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆளே இறங்காமல் சேற்றைக் கலக்கி எடுக்க சென்னை ஐ.ஐ.டி. 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தைச் செய்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று, "யாரும் இறங்க வேண்டாம், சேறு இருந்தால் இருக்கட்டும், இன்னொரு லாரிக்கான பணத்தையும் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்ல ஒரு வீட்டுக்காரர் வேண்டும். தாம்பரத்தில் ஒருவர் காலைக் கழுவுவதென்றால் இந்தக் காலத்தில் அது இப்படித்தான் இருக்க முடியும். அந்தக் கால் தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது!

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியானது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். மாடியில் சிக்கியவர்கள் யார் கையைப் பிடித்துப் படகில் ஏறுகிறோம் என்று பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் மலைமலையாகக் குவிந்த குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். பலருக்குக் கையுறை கூட இல்லை. அவர்கள் கொடுத்த டம்ளரில் அன்று தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்கள் சிலர். ஆறு மாதம் கழித்து?

கால் கழுவும் சம்பவத்தில் அதிகம் பேசப்படாத ஒரு ஆள் உண்டு. பேதுரு. தன் காலைக் கழுவவே கூடாது என்று மறுத்தவர். பார்ப்பதற்கு அது பெரிய தாழ்மை மாதிரி இருக்கும். ஆனால் இயேசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கழுவ விடாவிட்டால் உனக்கும் எனக்கும் உறவே இல்லை என்ற அளவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொடுப்பதில் எப்போதும் கை கொஞ்சம் மேலே இருக்கிறது. வாங்கும்போதுதான் அது கீழே இறங்குகிறது. அன்னதானம் போடுகிறவர்கள், பழைய துணி கொடுக்கிறவர்கள், தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் கை மேலேயே இருந்து பழகிவிட்டது.

மேடவாக்கத்திலும் சேலையூரிலும் எழும்பி நிற்கிற அடுக்குமாடிகளில், வேலைக்கு வருகிற அக்காவுக்குப் பழைய சுடிதார் கொடுக்கிற வீடுகள் நிறைய. மிச்ச இட்லி கொடுக்கிற வீடுகளும் நிறைய. "அக்கா, உங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் கொண்டு வாங்களேன்" என்று கேட்டு வாங்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அவர் கொண்டுவந்த டப்பாவிலிருந்தே ஊற்றி, அவரும் பக்கத்தில் உட்கார, ஒரே மேஜையில் சாப்பிடுகிற வீடுகள் எத்தனை இருக்கும்?